நோயாளியின் பெயரால்

1962-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, நியூயார்க் நகரத்தின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் பெரிய உள்ளரங்கில் ஆயிரக்கணக்கான முதியவர்கள் கூடியிருக்க, ஜனாதிபதி ஜான் கென்னடி அவர்கள் முன் தோன்றி, அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களின் ஆஸ்பத்திரிச் செலவைத் தேசிய இன்ஷூரன்ஸ் நிதியே ஏற்க வேண்டும் என்ற மசோதாவுக்காக வாதாடினார். தேசத்தின் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் அந்தப் பேச்சை ஒளிபரப்பின. கூட்டம் கலைந்து, வெறும் நாற்காலிகளும் சிதறிய காகிதங்களும் மட்டுமே எஞ்சியிருந்த அதே அரங்கை அன்றிரவே அமெரிக்க வைத்திய சங்கம் வாடகைக்கு எடுத்தது. மயாமி நகரத்து அறுவை வைத்தியரான எட்வர்ட் ஆனிஸ், கேட்பார் எவருமில்லாத அந்த விசாலத்தில் நின்றுகொண்டு, அதே மசோதாவை மறுத்துப் பேசினார். சங்கம் பணம் கொடுத்து வாங்கிய அரைமணி நேரத்தில் அந்தப் பேச்சு மறுநாள் இரவு கோடிக்கணக்கான மக்களைச் சென்றடைந்தது.

கென்னடி சொன்னது ஒரு குடும்பத்தின் கதை. ஆயுள் முழுவதும் உழைத்து, கொஞ்சம் சேமித்து, ஓய்வு பெற்ற ஒருவர்; அவருடைய மனைவிக்குத் திடீரென்று நோய்; ஆஸ்பத்திரியில் நெடுநாள்; அதில் சேமிப்பெல்லாம் கரைந்து, அதற்குமேல் உதவி வேண்டுமானால் தாம் பரம ஏழை என்பதை ஓர் அதிகாரியிடம் நிரூபித்தாக வேண்டிய நிலை. ஆனிஸ் சொன்னது வேறு. ஏழை முதியவர்களுக்கென்று 1960-ஆம் ஆண்டின் கெர்-மில்ஸ் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் புதிய மசோதாவோ உழைக்கும் இளைஞனின் சம்பளத்தில் பிடித்து, வசதி உள்ள கிழவருக்கும் வசதி இல்லாத கிழவருக்கும் பேதமின்றிக் கொடுக்கிறது. வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் சர்க்கார் புகுந்துவிட்டால் வைத்தியமே கெட்டுவிடும் என்பது அவருடைய வாதம். இரண்டு மாதத்துக்குள், ஜூலை 17-ஆம் தேதி, செனட் சபை 52-க்கு 48 என்ற வாக்குக் கணக்கில் அந்தத் திட்டத்தைத் தள்ளுபடி செய்தது.

இந்த இரண்டு பேச்சுகளையும் அருகருகே வைத்து நிதானமாக ஆராய்ந்தால், ஒன்று மற்றதற்குப் பதிலே அல்ல என்பது புலப்படும். கென்னடி நோயில் வீழ்ந்தவரைப் பற்றிப் பேசினார். ஆனிஸ் நோயற்றவரிடம் பேசினார். அமெரிக்க தேசத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வைத்தியச் சீர்திருத்த விவாதம் முழுவதையும் ஊடுருவி நிற்கும் வேற்றுமை இதுவே என்று நான் கருதுகிறேன். வாதம் எவருக்காகச் செய்யப்படுகிறதோ அவர் ஒருவர், வாதத்தைக் கேட்டுத் தீர்ப்பளிப்பவர் இன்னொருவர். முன்னவருக்குக் கையில் ஒன்றுமில்லை, பின்னவருக்குக் கையில் கொஞ்சம் இருக்கிறது, அந்தக் கொஞ்சம் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அந்த அச்சத்தை அறிந்து பேசியவர்களே பெரும்பாலும் வென்றார்கள்.

விவாதத்தின் ஆரம்பம் வெகு பழையது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-லேயே தொழிலாளருக்கு நோய்க்கால இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தார். 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தலைமை வகித்த முற்போக்குக் கட்சி அமெரிக்காவுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று தன் கொள்கை அறிக்கையில் எழுதிற்று. ஆயினும் முதலாம் உலக யுத்தம் மூண்டதும், ஜெர்மனியில் பிறந்த திட்டம் என்பதே அதற்கு விரோதமான வாதமாகிவிட, ஆரம்பத்தில் அனுதாபம் காட்டிய வைத்திய சங்கமே 1920-இல் அதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

உண்மையான போர் 1945 நவம்பர் 19-ஆம் தேதி தொடங்கியது. அன்று ஹாரி ட்ரூமன் காங்கிரஸ் சபைக்கு அனுப்பிய செய்தியில், தேசத்தார் அனைவருக்கும் பொதுவான வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று கேட்ட முதல் ஜனாதிபதியானார். அவர் எடுத்துக்காட்டிய ஆதாரம் யுத்தகாலத்து ஆதாரம்: சைனியத்துக்காகப் பரிசோதிக்கப்பட்ட இளைஞர்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு முப்பது பேர் அளவில், உடல்நிலை காரணமாகத் தகுதியற்றவர்கள் என்று கழிக்கப்பட்டிருந்தார்கள். தேசத்தைக் காக்க அழைக்கப்பட்டவர்களின் தேகத்தைத் தேசம் காக்கத் தவறிவிட்டது என்பது அந்த வாதத்தின் உட்பொருள். நோயிலிருந்து பாதுகாப்பு என்பது பிரஜையின் உரிமை என்று அவர் நேரடியாகவே கூறினார். வைத்தியர்கள் சர்க்கார் ஊழியர்கள் ஆகமாட்டார்கள் என்றும், நோயாளி தமக்கு விருப்பமான வைத்தியரிடமே போகலாம் என்றும் அவர் உறுதியளித்தார். எளிமையும் நேர்மையும் பொருந்திய வாதம் அது. இன்று படித்தாலும் அதில் திருத்த வேண்டிய இடம் அதிகம் இல்லை.

அதற்கு எதிராக எழுந்த பிரசாரம் நம் கவனத்துக்கு மிகவும் உரியது. அதற்குப் பின் வந்த பிரசாரங்கள் எல்லாம் அதன் மாதிரியிலேயே அமைந்தன. 1948 தேர்தலில் ட்ரூமன் எவரும் எதிர்பாராத வகையில் வெற்றி பெற்றதைக் கண்டு கலங்கிய வைத்திய சங்கம், தன் அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் விசேஷ வரி வசூலித்து, கலிபோர்னியாவில் அரசியல் பிரசாரத்தையே தொழிலாகக் கொண்டிருந்த கிளெம் விட்டேகர், லியோன் பாக்ஸ்டர் தம்பதியரை அமர்த்தியது. அவர்கள் கையாண்ட சாதனங்களில் முக்கியமானது ஒரு சித்திரம். ஆங்கில ஓவியர் லூக் ஃபில்ட்ஸ் 1891-இல் வரைந்த 'வைத்தியர்' என்ற அந்தப் படத்தில், ஓர் ஏழைக் குடிசையில், இரண்டு நாற்காலிகளைச் சேர்த்து அவற்றின்மேல் கிடத்தியிருக்கும் நோயுற்ற குழந்தையை, தாடையைக் கையில் தாங்கியபடி ஒரு வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் தந்தை செயலற்று நிற்கிறார். தாய் மேஜைமீது முகம் கவிழ்த்திருக்கிறாள். தம் மூத்த மகனை நோய்க்குப் பறிகொடுத்த ஃபில்ட்ஸ், அவன் படுக்கையருகே இருந்த வைத்தியரின் பரிவை மறக்க முடியாமல் வரைந்த படம் என்பார்கள். இந்தப் படத்தின் கீழே, இதற்குள் அரசியலைப் புகவிடாதீர்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் சேர்த்து, தேசமெங்கும் வைத்தியர்களின் காத்திருப்பு அறைகளில் மாட்டினார்கள்.

இதைவிட வசீகரமான வாதம் அந்த விவாதத்தில் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை ஒன்றுமில்லை, தர்க்கம் ஒன்றுமில்லை. மனித உறவுகளில் மிகப் புனிதமான ஒன்றைக் காட்டி, அதற்கு ஆபத்து வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுகிறது. ஆனால் அந்தப் படத்தை இன்னும் சற்று நேரம் பார்க்க வேண்டும். வைத்தியரின் அருகே இருப்பவை ஒரு கிண்ணமும் ஒரு மருந்துப் புட்டியுமே. அவர் அந்தக் குழந்தைக்குக் கொடுக்கக்கூடியது பெரும்பாலும் தம் நேரத்தையும் கருணையையும்தான். 1949-இன் வைத்தியமோ பெனிஸிலினும் எக்ஸ்ரேயும் அறுவை அரங்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் சேர்ந்த வைத்தியம். அந்தக் குடிசைத் தகப்பனால் அதன் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. அந்தக் குழந்தைக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதே ட்ரூமனின் வாதம். குழந்தையின் படத்தை வைத்தே அந்த வாதம் தோற்கடிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் வேதனையுறுகிறது.

அந்தப் பிரசாரத்தில் பொய்யும் கலந்திருந்தது. வைத்தியத்தைப் பொதுவுடைமையாக்குவதே சோஷலிஸ ராஜ்ய நிர்மாணத்துக்கு ஆதாரக் கல் என்று லெனின் சொன்னதாக ஒரு வாக்கியம் துண்டுப் பிரசுரங்களில் அச்சாயிற்று. காங்கிரஸ் நூலகத்தார் லெனினுடைய எழுத்துகளில் தேடியும் அத்தகைய வாக்கியம் அகப்படவில்லை. ஆயினும் கம்யூனிஸ பயம் தேசத்தைப் பிடித்தாட்டிய அந்த நாட்களில், தேடிப் பார்த்தவர்களைவிட நம்பியவர்களே அதிகம்.

ஆனாலும் ட்ரூமனின் திட்டம் தோற்றதற்குப் பிரசாரம் ஒன்றையே காரணமாகச் சொல்லுவது நியாயமாகாது. யுத்த காலத்தில் சம்பள உயர்வுக்குச் சர்க்கார் தடை விதித்திருந்தபடியால், ஆட்களைக் கவர விரும்பிய கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக வைத்திய இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கின. பின்னர் தொழிற்சங்கங்கள் பேரம் பேசி அதை விஸ்தரித்தன. 1954-ஆம் ஆண்டின் வரிச்சட்டம் அந்தத் தொகைக்கு வரிவிலக்கை உறுதிப்படுத்தியது. 1940-இல் சுமார் பத்தில் ஒருவருக்கே இருந்த ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ், 1960 வாக்கில் பத்தில் ஏழு பேருக்கு வந்துவிட்டது. எவரும் விவாதித்துத் தீர்மானிக்காமல், சந்தர்ப்ப வசத்தால் நிகழ்ந்த இந்த மாறுதல், விவாதத்தைக் கேட்கும் சபையையே மாற்றிவிட்டது. வேலையில் இருப்பவர் பத்திரமானவர் ஆனார். வெளியே நின்றவர்கள் முதியவர்களும் ஏழைகளும் வேலையற்றவர்களுமே.

அதனால்தான் சீர்திருத்தவாதிகள் அனைவருக்கும் என்ற கோரிக்கையைக் கைவிட்டு, முதியவர்களுக்கு மட்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதையும் எதிர்த்து 1961-இல் வைத்திய சங்கம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதில் பேசியவர் அப்பொழுது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன். வைத்தியர்களின் மனைவிமார் அண்டை அயலாரைக் காப்பி அருந்த அழைத்து, அந்தத் தட்டைப் போட்டுக் கேட்கச் செய்து, காங்கிரஸ் அங்கத்தினர்களுக்குக் கடிதம் எழுதும்படி தூண்டினார்கள். இந்தச் சிறிய மசோதா சட்டமானால், வைத்தியர் எந்த ஊரில் தொழில் செய்யலாம் என்பதைச் சர்க்கார் நிர்ணயிக்கும் காலம் வரும். அப்புறம் ஒவ்வொரு சுதந்திரமாகப் பறிபோகும். வயோதிக காலத்தில் நம் பேரக்குழந்தைகளிடம் முன்பொருநாள் அமெரிக்காவில் மனிதர்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்போம் என்பதே அவர் எச்சரிக்கை.

1965 ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன், மிஸூரி மாகாணத்து இண்டிபெண்டன்ஸ் நகரில், முதுமையடைந்திருந்த ட்ரூமனின் முன்னிலையில், முதியவர்களுக்கான வைத்திய இன்ஷூரன்ஸாகிய மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டு, முதல் அட்டையை அவருக்கே வழங்கினார். எதிர்வாதத்தை அனுபவம் என்னும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க இங்கே நமக்கு அரிய வாய்ப்புக் கிடைக்கிறது. வைத்தியர் எங்கே தொழில் செய்ய வேண்டும் என்று எந்தச் சர்க்காரும் கட்டளையிடவில்லை. முதியவர் தம் வைத்தியரைத் தாமே தேர்ந்துகொண்டார். ஒரு சுதந்திரம் புதிதாகப் பிறக்கவும் செய்தது: இன பேதம் பாராட்டும் ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் பணம் கிடையாது என்ற விதியினால், தென்மாகாணங்களில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் 1966-இல் சில மாதங்களுக்குள் கறுப்பின மக்களுக்குத் தங்கள் வார்டுகளைப் பொதுவாகத் திறந்துவிட்டன. நீதிமன்றங்களில் பல்லாண்டுகள் வழக்காடியும் முழுவதும் கைகூடாத காரியம் அது. சுதந்திரம் அழிந்துவிடும் என்ற வாதம் அனுபவத்தில் பொய்த்தது என்று சந்தேகமின்றிச் சொல்லலாம்.

செலவு பெருகிவிடும் என்ற வாதமோ பொய்க்கவில்லை. வைத்தியர்களின் எதிர்ப்பைத் தணிக்கும் பொருட்டு, ஆஸ்பத்திரிகள் தாம் செலவிட்டதாகக் காட்டும் தொகையைச் சட்டம் கொடுக்க ஒப்புக்கொண்டபடியால், மதிப்பீடுகளையெல்லாம் தாண்டிச் செலவு ஓடியது. 1983-இல் நோயின் வகைக்கு ஏற்ப முன்னதாகவே தொகையை நிர்ணயிக்கும் முறை வந்தபிறகே அதற்குச் சற்றுக் கடிவாளம் பூண்டது. எதிராளி சொன்னதில் மெய் எது, பயமுறுத்தல் எது என்று பிரித்தறியாத சீர்திருத்தவாதம் வலுவிழந்தே நிற்கும்.

பிரசார ஆரவாரத்துக்கு வெளியே, 1963 டிசம்பரில், கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் எழுதிய ஒரு கட்டுரை, என் அபிப்பிராயத்தில், இருதரப்பிலும் சொல்லப்பட்ட வாதங்கள் அனைத்திலும் ஆழமானது. சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்க்கிறார், விலை கேட்கிறார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார். நோயாளியோ தமக்கு என்ன வேண்டும் என்பதையே அறியார். அதை அவருக்குச் சொல்பவரே அதை விற்பவர். நோய் எப்பொழுது வரும் என்பதும், கொடுக்கும் சிகிச்சை பலிக்குமா என்பதும் நிச்சயமில்லை. ஆதலால் சாதாரணப் போட்டிச் சந்தையின் நியதிகள் வைத்தியத்தில் செல்லா என்று ஆரோ நிரூபித்தார். வைத்தியரிடத்து உலகம் எதிர்பார்க்கும் நம்பிக்கையும் தர்ம உணர்வும் இந்த நிச்சயமின்மைக்குச் சமூகம் கண்ட பரிகாரங்கள் என்றும் அவர் விளக்கினார்.

மறுதரப்பின் கல்விமான்களும் வெறுங்கையுடன் நிற்கவில்லை. பிறர் பணத்தில் வைத்தியம் என்றால் மனிதன் தேவைக்கு மிஞ்சி அதை நாடுவான் என்றார்கள் அவர்கள். இதைச் சோதிக்க ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தியது. தம் கையிலிருந்து கட்டணத்தில் ஒரு பங்கைச் செலுத்தவேண்டியிருந்தவர்கள் வைத்தியத்தைக் குறைவாகவே நாடினார்கள். சராசரி மனிதரின் ஆரோக்கியம் அதனால் பெரிதும் கெடவில்லை. இவ்வளவோடு நிறுத்தினால் அது ஒரு தரப்புக்கு வெற்றி. ஆனால் அவர்கள் கைவிட்டதில் தேவையற்ற சிகிச்சையும் இருந்தது, தேவையான சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. ரத்தக் கொதிப்புடைய ஏழைகள் இலவச வைத்தியம் பெற்றபோது தெளிவாகவே நலமடைந்தார்கள். சராசரியைப் பார்த்துத் திருப்தியடைவதா, அந்த ஏழையைப் பார்த்து முடிவு செய்வதா என்ற கேள்விக்குப் பரிசோதனை விடை சொல்லாது. நான் அந்த ஏழையின் பக்கம் நிற்கிறேன்.

1993 செப்டம்பரில் ஜனாதிபதி பில் கிளிண்டன் ஓர் அட்டையை உயர்த்திக் காட்டி, எவராலும் பறிக்க முடியாத பாதுகாப்பு என்று வாக்களித்தார். ஆனால் வந்த மசோதா 1342 பக்கம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சங்கம் தொலைக்காட்சியில் ஹாரி, லூயிஸ் என்ற ஒரு நடுத்தரத் தம்பதியைத் தோன்றச் செய்தது. சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, நமக்கு இருக்கும் இன்ஷூரன்ஸ் என்ன ஆகும், நமக்காக அதிகாரிகள் அல்லவா தேர்ந்தெடுப்பார்கள் என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத கோடிக்கணக்கானவர்களைப் பற்றி அந்த மேஜையில் பேச்சே இல்லை. பேசவேண்டிய அவசியமும் அந்தப் பிரசாரத்துக்கு இல்லை. மசோதா வாக்கெடுப்புக்கும் வராமல் 1994-இல் மடிந்தது.

இந்தத் தோல்வியிலிருந்து சீர்திருத்தவாதிகள் கற்ற பாடம், என் மனத்துக்குப் பாதி சரியானதும் பாதி ஆபத்தானதுமாகும். இருப்பவரின் அச்சத்தைத் தணித்தால்தான் இல்லாதவருக்கு வழி பிறக்கும் என்று அவர்கள் தேர்ந்தார்கள். எனவே 2009-இல் ஜனாதிபதி பராக் ஒபாமா கடமையைவிடச் செலவைப் பற்றியே அதிகம் பேச நேர்ந்தது. தேசத்தின் மொத்த உற்பத்தியில் 1960-இல் சுமார் 5 சதவீதமாக இருந்த வைத்தியச் செலவு 17 சதவீதத்தை எட்டியிருந்ததால் அதற்கு ஆதாரம் பலமாகவே இருந்தது. இந்திய வைத்தியத் தம்பதியரின் புதல்வரான டாக்டர் அதுல் கவாண்டே அந்த ஆண்டு ஜூன் மாதம் எழுதிய கட்டுரை, டெக்ஸஸ் மாகாணத்து மக்காலன் நகரில் மெடிகேர் ஒரு முதியவருக்குச் செய்யும் செலவு தேசத்துச் சராசரியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்றும், அதிகச் செலவினால் அதிக நலம் விளையவில்லை என்றும் காட்டியது. ஜனாதிபதி அதைத் தம் சகாக்களைப் படிக்கச் செய்தார்.

அத்துடன் நில்லாமல், உங்களுக்குப் பிடித்த இன்ஷூரன்ஸ் இருந்தால் அதை நீங்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியையும் அவர் திரும்பத் திரும்பக் கொடுத்தார். எதிர்த்தரப்பில், முதியவர் வாழ்வதா சாவதா என்று தீர்ப்பளிக்கும் மரணக் குழுக்கள் வரப்போகின்றன என்று குடியரசுக் கட்சியின் ஸாரா பேலின் எழுதினார். மசோதாவில் இருந்ததோ, இறுதிக் காலத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று நோயாளி விரும்பினால் தம் வைத்தியருடன் கலந்து பேசுவதற்கு மெடிகேர் கட்டணம் கொடுக்கும் என்ற ஒரு ஷரத்து மாத்திரமே. அரசியல் கூற்றுகளின் மெய்ம்மையை ஆராயும் பொலிட்டிஃபாக்ட் என்ற பத்திரிகை அமைப்பு, 2009-ஆம் ஆண்டின் மிகப் பெரிய பொய்யாக மரணக் குழுவைத் தேர்ந்தது. லட்சக்கணக்கானவர்களின் பழைய பாலிஸிகள் ரத்தான 2013-இல் ஒபாமாவின் வாக்குறுதியை அதே இடத்தில் வைத்தது. இரண்டும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். முன்னது இல்லாத ஒன்றைக் கற்பித்து முதியவர்களை நடுங்கச் செய்தது. பின்னது பெரும்பாலோருக்கு மெய்யாகி, சிலருக்குப் பொய்யாயிற்று, சொன்னவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் எதுவுமே மாறாமல் எல்லாம் சீர்திருந்தும் என்று சொல்வது மெய்யாக இருக்க முடியாது என்பதைச் சொன்னவர்கள் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு கூட்டத்தில் எழுந்த ஒருவர், என் மெடிகேரில் சர்க்கார் கைவைக்க வேண்டாம் என்று சொன்னார். சர்க்கார் கொடுத்த ஒன்றையே சர்க்காரிடமிருந்து காக்க முற்பட்ட அவரை அறியாதவர் என்று பலர் ஒதுக்கினார்கள். அவருடைய அச்சம் பல பத்தாண்டுகளாகத் தேசத்துக்கு ஊட்டப்பட்ட அச்சம். அதற்கு அவரைப் பழிப்பதில் நியாயமில்லை.

2010 மார்ச் 23-ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட, மசோதா சட்டமாயிற்று. ஒவ்வொருவரும் இன்ஷூரன்ஸ் வாங்கியாக வேண்டும் என்ற ஷரத்தை எதிர்த்து வழக்கு வந்தபோது, அப்படியானால் பிராக்கோலி காய் வாங்கும்படியும் கட்டளையிடலாமா என்று நீதிபதி ஸ்காலியா கேட்டார். அவர் கேள்விக்குத் தகுந்த விடையை ஆரோ அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதியிருந்தார். காய் வாங்காதவரின் செலவு பிறர் தலையில் விழுவதில்லை. இன்ஷூரன்ஸ் வாங்காதவர் விபத்தில் அடிபட்டு வந்தால் அவசர சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டின் சட்டமே விதித்திருக்க, அந்தச் செலவை மற்றவர்களே சுமக்கிறார்கள். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், அந்த ஷரத்தை ஒரு வரி என்று கருதி ஏற்றுக்கொண்டது. 2010-இல் நூற்றுக்குப் பதினாறு பேராக இருந்த இன்ஷூரன்ஸ் அற்றவர்கள் 2016-இல் ஒன்பது பேராகக் குறைந்தார்கள்.

அதன் பிறகு அச்சம் கட்சி மாறியது. 2017-இல் குடியரசுக் கட்சியினர் சட்டத்தை ரத்து செய்ய முனைந்தபோது, ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்றவர்கள், பழைய நோய் இருக்கிறது என்று சொல்லி இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டு, இந்தச் சட்டத்தால் அதைப் பெற்றவர்கள். கையில் கிடைத்ததைப் பறிக்காதீர்கள் என்று இப்பொழுது கேட்டவர்கள் நோயாளிகளே. ஜூலை 28-ஆம் தேதி விடியுமுன், தாமே மூளைப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்த செனட்டர் ஜான் மெக்கெய்ன் தம் கட்சிக்கு மாறாகக் கட்டைவிரலைக் கீழே காட்ட, ரத்து மசோதா 49-க்கு 51 என்று வீழ்ந்தது.

2019 ஜனவரியில் கைசர் குடும்ப அறக்கட்டளை, அனைவருக்கும் ஒரே தேசிய இன்ஷூரன்ஸ் என்ற யோசனையைப் பற்றி ஜனங்களிடம் விசாரித்தது. வெறுமனே கேட்டபோது நூற்றுக்கு 56 பேர் ஆதரித்தார்கள். அது ஒவ்வொருவருக்கும் வைத்தியத்தை உரிமையாக்கும் என்று சொன்னபோது 71 பேர். பெரும்பாலோருக்கு வரி உயரும் என்று சொன்னபோது 37 பேர். சிகிச்சைக்குக் காத்திருக்க நேரும் என்று சொன்னபோது 26 பேர். அதே ஆண்டு ஜூனில், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர்களின் விவாத மேடையில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், ஆம், நடுத்தர வகுப்பினருக்கும் வரி உயரும், ஆனால் இன்ஷூரன்ஸ் கட்டணம் ஒழிவதால் மொத்தச் செலவு குறையும் என்று ஒப்புக்கொண்டு பேசினார். மற்ற வேட்பாளர்கள் பலர் அந்தக் கேள்விக்கு நேரடி விடை கூறத் தயங்கினார்கள். ட்ரூமனுக்குப் பிறகு விலையையும் உரிமையையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிந்தவர்கள் மிகச் சிலர். அப்படிச் சொல்லி அந்த தேசத்தாரை இணங்க வைக்க முடியுமா என்பது இன்றுவரை முழுமையாகச் சோதிக்கப்படவே இல்லை.